பழைய கார் ரேடியோவில் பாட்டியின் கதை

பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய கார்களில் ஒரு சிக்கல் உண்டு. என்ஜின் நன்றாக இருக்கும், வருடாந்தர சோதனையிலும் தேறிவிடும். ஆனால் போனில் இருக்கும் பாட்டைக் காரின் ஸ்பீக்கரில் கேட்க வழி இருக்காது. 2005-க்கும் 2010-க்கும் இடையில் வந்த பல கார்களில் ப்ளூடூத் உண்டு, ஆனால் அது போன் பேச மட்டும்தான், பாட்டுக்கு உதவாது. சி.டி. போடும் இடம் இருக்கும், வீட்டில் சி.டி. இருக்காது. காரில் ஆக்ஸ் துளை இருந்தால், போனில் ஹெட்போன் துளை இருக்காது. ஐபோனிலிருந்து அது 2016-லேயே போய்விட்டது, மற்ற கம்பெனிகளும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டன.

விளைவு என்ன? பின்சீட்டில் ஆளுக்கொரு ஹெட்போன், முன்சீட்டில் ஆங்கிலச் செய்தி. ஒரே காரில் நாலு பேர், நாலு உலகம்.

நம்மில் பலருக்குத் தமிழ் காதில் ஏறியதே அப்பாவின் காரில் ஓடிய கேசட்டில்தான். பிடித்ததோ பிடிக்கலையோ, எல்லாரும் ஒரே பாட்டைத்தான் கேட்டோம். "இந்த வரிக்கு என்னப்பா அர்த்தம்?" என்று கேட்டதும் அங்கேதான். இன்று நம் பிள்ளைகளுக்குத் தமிழ் கேட்கக் கிடைக்கும் நேரம் சனிக்கிழமை வகுப்பும், தாத்தா பாட்டியோடு வீடியோ காலும்தான். தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போய்வரும் இருபது நிமிஷத்தைச் சேர்த்தால் அது பெரிய நேரம். அந்த நேரத்தைப் பழைய காரிலேயே மீட்க உதவும் ஒரு மலிவான சாமான்தான் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்.

இது எப்படி வேலை செய்யுது?

பெயர்தான் பெரிசு, வேலை சின்னது. உங்கள் கார் ரேடியோ வானொலி நிலையங்களைப் பிடிக்கிற மாதிரி, உங்கள் காருக்குள்ளேயே ஒரு குட்டி நிலையம். போனில் ஓடும் ஒலியை அது ஏதாவது ஒரு காலி அலைவரிசையில் அனுப்பும். ரேடியோவை அதே எண்ணில் வைத்தால் பாட்டு வரும். ரேடியோவைக் கழற்ற வேண்டாம், ஒயர் இழுக்க வேண்டாம்.

முன்பு சில போன்களுக்குள்ளேயே இந்த வசதி இருந்தது. நோக்கியாவின் என்78, என்97, என்900, என்8 ஆகியவற்றில் இருந்ததைச் சிலர் நினைவு வைத்திருப்பீர்கள். பழைய என்8 இன்னும் அலமாரியில் கிடந்தால், சார்ஜ் ஏற்றிப் பாருங்கள், கார் பாட்டுப் பெட்டியாக இன்னும் நன்றாகவே உழைக்கும். இப்போதைய போன்களில் அந்த வசதி அநேகமாகக் கிடையாது. 'எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்' என்று பெயர் வைத்த ஆப்கள் கிடைக்கும், ஏமாற வேண்டாம். அலையை அனுப்பும் பாகம் போனுக்குள் இல்லையென்றால், எந்த ஆப்பாலும் அதை உண்டாக்க முடியாது.

அதனால் இன்று வாங்க வேண்டியது சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் வகை. போனிலிருந்து ப்ளூடூத் வழியாக ஒலியை வாங்கி, எஃப்.எம். அலையாக ரேடியோவுக்குக் கொடுக்கும். காரில் வேலை செய்யும் ஆக்ஸ் துளையோ, பாட்டுப் பாடும் யு.எஸ்.பி. துளையோ இருந்தால் இது தேவையில்லை. ஒயரில் வரும் ஒலி எப்போதும் இதைவிடச் சுத்தமாக இருக்கும்.

காலி இடம் தேடுவது

"வாங்கினேன், ஒரே இரைச்சல், தூக்கிப் போட்டுட்டேன்" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்திருப்பார்கள்.

இந்தச் சாதனங்களுக்குச் சட்டம் அனுமதிக்கும் சக்தி மிக மிகக் குறைவு. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் 50 நானோவாட். ஒரு வாட்டை இரண்டு கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. பெரிய வானொலி நிலையமோ லட்சம் வாட்டுக்கு மேல் அனுப்பும். எஃப்.எம். ரேடியோவின் குணம், ஒரே எண்ணில் இரண்டு அலை வந்தால் பலமானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். டொராண்டோவில் 101.3-ஐயோ சிங்கப்பூரில் 96.8-ஐயோ தேர்ந்தெடுத்தால் உங்கள் பாட்டுக்குப் பதில் அங்குள்ள தமிழ் ஒலிபரப்புதான் கேட்கும். அதுவும் நல்லதுதான், ஆனால் நீங்கள் போட்டது அது இல்லையே!

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. ரேடியோவின் தானாகத் தேடும் பொத்தானை அமுக்காதீர்கள். அது நிலையம் இருக்கும் இடத்தில் போய் நிற்கும். கையால் ஒவ்வொரு எண்ணாக நகர்த்துங்கள்.

2. வெறும் 'ஸ்ஸ்ஸ்' சத்தம் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு 0.2 மேலேயும் கீழேயும் கூட அப்படியே வெறுமையாக இருக்க வேண்டும். பக்கத்து நிலையம் பலமாக இருந்தால் உங்கள் எண்ணுக்குள் கசியும்.

3. 88-க்குப் பக்கமும் 108-க்குப் பக்கமும் முதலில் பாருங்கள். பெரிய ஊர்களில் நடுப்பகுதி நெரிசலாக இருக்கும்.

4. இப்படி மூன்று எண்களைக் கண்டுபிடித்து ரேடியோவின் நினைவுப் பொத்தான்களில் வைத்துவிடுங்கள்.

ஏன் மூன்று? உங்கள் தெருவில் காலியாக இருக்கும் எண், அடுத்த ஊரில் ஒரு நிலையத்துக்குச் சொந்தமாக இருக்கும். டொராண்டோவிலிருந்து மொன்றியல் போகும் 540 கிலோமீட்டரில் ஒரே எண் கடைசிவரை தாங்காது. இரைச்சல் வந்தால் அடுத்த எண்ணுக்கு மாற வேண்டும். மாற்றுவது பக்கத்தில் இருப்பவர் வேலை, ஓட்டுபவர் வேலை இல்லை.

ஐரோப்பிய ரேடியோக்களில் டி.ஏ. என்று ஒரு பொத்தான் இருக்கும். போக்குவரத்து அறிவிப்பு வரும்போது பாட்டை நிறுத்திவிட்டு அறிவிப்புக்குத் தாவ வைப்பது அதுதான். கதை நடுவில் அறுந்து போகாமல் இருக்க, அதை அணைத்துவிடுங்கள்.

சத்தம் சரியாக வர

போனின் வால்யூமை முக்கால் அளவுக்கு ஏற்றிவிட்டு, மிச்சத்தைக் கார் ரேடியோவில் ஏற்றுங்கள். போனில் குறைவாக வைத்து ரேடியோவில் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடும். போனில் முழுவதும் ஏற்றினால் குரல் கரகரக்கும். டிரான்ஸ்மிட்டரைக் கழற்றுவதற்கு முன் ரேடியோ சத்தத்தைக் குறைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் வெற்று இரைச்சல் முழுச் சத்தத்தில் வெடிக்கும், பின்சீட்டில் தூங்கும் பிள்ளை அலறிக்கொண்டு எழும்பும்.

நார்வேயிலும் சுவிட்சர்லாந்திலும்

இந்த இரண்டு நாட்டிலும் இருக்கும் நம் குடும்பங்களுக்கு இந்தச் சாமான் புதிதில்லை. நார்வே 2017-இல் தேசிய நிலையங்களின் எஃப்.எம். ஒலிபரப்பை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறியது. அப்படிச் செய்த முதல் நாடு அதுதான். சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 கடைசியோடு எஃப்.எம்.-ஐ விட்டது. பழைய கார் வைத்திருந்த பலர் டிஜிட்டல் ரேடியோ அடாப்டர் வாங்கினார்கள். அவற்றில் பல, உள்ளே இருக்கும் ஒரு குட்டி எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வழியாகத்தான் கார் ரேடியோவில் பேசுகின்றன. தேசிய நிலையங்கள் விலகியதால் அங்கே காலி எண் கிடைப்பதும் சுலபமாகிவிட்டது. நிலையங்கள் போனபிறகும் பழைய ரேடியோ சும்மா கிடக்க வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல உதாரணம்.

என்ன போடுவது?

பாட்டு நிச்சயம் போடலாம். ஆனால் பாட்டு எங்கும் கிடைக்கும். எங்கும் கிடைக்காதது உங்கள் அம்மாவின், அப்பாவின் குரல்.

ஊரில் இருக்கும் பாட்டியிடம், "அம்மா, நீங்க சின்ன வயசுல பள்ளிக்கூடம் போன கதையைச் சொல்லுங்களேன்" என்று கேட்டு வாட்ஸ்அப்பில் ஐந்து நிமிஷக் குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பேசினால் போதும். எஃப்.எம். இரைச்சலையும் டயர் சத்தத்தையும் தாண்டிக் கேட்க அந்தத் தெளிவு தேவை. வந்த பதிவைப் போனில் தனியாகச் சேமித்து, இன்னொரு இடத்திலும் ஒரு பிரதி வைத்துவிடுங்கள். போன் மாற்றும்போது தொலைந்து போவது இந்த மாதிரிப் பதிவுகள்தான்.

கதை பள்ளிக்கூடப் பயணத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். மிச்ச நிமிஷங்களில்தான் பேச்சு நடக்கும். "அரிக்கேன் விளக்குன்னா என்ன?" "பாட்டி ஏன் செருப்புப் போடாம போனாங்க?" புரியாத சொல் வந்தால் நிறுத்துங்கள், சொல்லுங்கள், மறுபடி ஓடவிடுங்கள். ஹெட்போனில் தனியாகக் கேட்கும் பிள்ளைக்கு இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருக்காது.

பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னால் சொல்லட்டும். கேட்டுப் புரிந்துகொள்வது முதலில் வரும், பேச்சு பின்னால் வரும். வாரக் கடைசியில் பிள்ளையின் கேள்வி ஒன்றைக் குரல் பதிவாகப் பாட்டிக்கு அனுப்பிவிடுங்கள். பதில் திங்கட்கிழமைக் காரில் ஓடும்.

கவனிக்க இரண்டு

எஃப்.எம்.-க்குப் பூட்டுச் சாவி இல்லை. சிக்னலில் பக்கத்தில் நிற்கும் கார் அதே எண்ணில் இருந்தால் உங்கள் ஒலி அங்கேயும் கேட்கலாம். பாட்டி கதை கேட்டால் பரவாயில்லை. சொத்துப் பிரச்சினை, மருத்துவ ரிப்போர்ட் பற்றிய பேச்சை இதில் ஓட விடாதீர்கள். போன் கால்களும் சில சமயம் இதே வழியாக வெளியே வரும்.

இரண்டாவது, கையில் போன். பிரிட்டனில் 2022 மார்ச்சிலிருந்து ஓட்டும்போது போனைக் கையில் எடுத்துப் பாட்டு மாற்றுவதும் குற்றம். 200 பவுண்ட் அபராதம், லைசென்ஸில் 6 புள்ளிகள். மற்ற நாடுகளிலும் இதுபோன்ற சட்டங்கள் உண்டு. வண்டியைக் கிளப்பும் முன் வரிசையாகப் போட்டு வைத்துவிடுங்கள்.

வாங்கும்போது உங்கள் நாட்டில் விற்க அனுமதித்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பா என்றால் சி.இ. குறி. அளவுக்கு மேல் சக்தியோடு அனுப்பும் மலிவுச் சாமான் பக்கத்து வீட்டு ரேடியோவைக் கெடுக்கும், சட்டத்துக்கும் புறம்பு.

சாமான் வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் ஊருக்கு ஒரு போன் போட்டு முதல் கதையைக் கேட்டு வாங்கிவிடலாம்.