பெயர்கள் மாறிய வீதியின் கீழே

1985ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிழக்கு பேர்லின் வழியாக மேற்கு பேர்லினுக்கு வந்து சேர்ந்த நம்மவர்கள் சிலருக்கு ஒரு காட்சி இன்றும் நினைவிலிருக்கும். பிரீட்ரிஷ் வீதிப் புகையிரத நிலையத்தின் நிலக்கீழ் மேடையில் தெற்கு நோக்கிச் செல்லும் வண்டியில் ஏறியவர்கள், அடுத்த இரு நிலையங்களிலும் அது நிற்காமலே கடந்து சென்றதைக் கண்டிருப்பார்கள். மங்கிய வெளிச்சம், தூசி படிந்த மேடை, தூணருகே துப்பாக்கியுடன் நிற்கும் காவலர், வேறெவரும் இல்லை. வண்டி வேகம் தணிந்து அவ்விடத்தைக் கடந்து, மீண்டும் இருளுக்குள் நுழையும். அதன்பின் வெளிச்சம் நிறைந்த ஒரு நிலையத்தில் நிற்கும். அதுவே மேற்கு பேர்லின்.

நமது நண்பரொருவர் அவ்வாறு வந்தவர். மயிலிட்டியைச் சேர்ந்தவர். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. கொழும்பிலிருந்து மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, கையில் ஒரு பையுடன் அந்த வண்டியில் ஏறியிருந்தார். சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் அவரைக் காணச் சென்றிருந்தபோது, பேச்சோடு பேச்சாக ஒன்றைக் கேட்டார்.

"அண்ணை, அந்த ரெண்டு இருட்டு ஸ்ரேசனுக்கும் இடையிலை, எங்கடை தலைக்கு மேலை என்ன இருந்தது?"

இத்தனை ஆண்டுகள் அந்நகரில் வாழ்ந்தும் அதை அவர் ஒருவரிடமும் கேட்டதில்லையாம். நாமும் அறிந்திருக்கவில்லை. பழைய நகர வரைபடங்களின் மறுபதிப்புகளைத் தேடி எடுத்து, அவரது சமையலறை மேசையில் ஒன்றன்பின் ஒன்றாக விரித்தோம். பிராண்டன்பேர்க் வாயிலிலிருந்து பொட்ஸ்டாம் சதுக்கம் வரை ஒரே கோடுதான். ஆயினும் ஒவ்வொரு வரைபடத்திலும் அக்கோட்டின்மீது வேறொரு பெயர் எழுதப்பட்டிருந்தது. கிழக்கு ஜேர்மனி அச்சிட்ட வரைபடத்திலோ மேற்கு பேர்லின் முழுவதுமே வெற்றிடமாக விடப்பட்டிருந்தது. இருபது இலட்சம் மக்கள் வாழ்ந்த ஒரு நகரப் பகுதியை வெறும் தாளாகக் காட்டும் அந்தத் துணிவைக் கண்டு இருவரும் சிரித்தோம்.

அவ்வீதியின் கதை ஒரு சுவருடனேயே தொடங்குகிறது. ஆனால் அது நாமறிந்த சுவரன்று. போர்வீர அரசன் என அழைக்கப்பட்ட பிரஷ்ய மன்னன் முதலாம் பிரீட்ரிஷ் வில்ஹெல்ம், 1730களில் நகரைச் சுற்றி ஒரு சுங்க மதிலை எழுப்பினான். உள்ளே வரும் பண்டங்களுக்கு வரி அறவிடுவது அதன் ஒரு நோக்கம். தனது படையிலிருந்து வீரர்கள் தப்பியோடாமல் தடுப்பது மற்றையது. வெளியே போகவிடாமல் தடுக்கும் மதில் அந்நகருக்குப் புதிதல்ல என்பதை இங்கு குறித்துவைப்போம். 1860களின் இறுதியில் அம்மதில் இடிக்கப்பட்டபோது, அது நின்ற வரிசையில் ஓர் அகன்ற வீதி அமைந்தது. 1866 யூலை 3ஆம் நாள் ஒஸ்ரியாவைப் பிரஷ்யா தோற்கடித்த போர்க்களத்தின் பெயரால், 1867இல் அதற்குக் கோனிக்கிறேற்ஸ் வீதி எனப் பெயரிட்டனர். அந்தக் கோனிக்கிறேற்ஸ் இன்று செக் குடியரசில் உள்ளது. அங்கே அதன் பெயர் ஹ்றாடெட்ஸ் கிறாலோவே. வெற்றி பெற்றவர்கள் வைத்த பெயர், வெற்றி கிடைத்த ஊரிலேயே இப்போது வழக்கில் இல்லை.

ஐம்பது ஆண்டுகள் கூடச் செல்லவில்லை. முதலாம் உலகப் போரில் ஒஸ்ரியா-ஹங்கேரி ஜேர்மனியின் நட்பு நாடாக நின்றது. பழைய எதிரி தோழனாகிவிட்ட நிலையில், 1915இல் வீதியின் வடபகுதி புடாபெஸ்ற் வீதி ஆயிற்று. 1925 பெப்ரவரியில் ஜேர்மன் குடியரசின் முதலாவது அதிபர் பிரீட்ரிஷ் ஏபேர்ட் காலமானார். குதிரைச் சேணம் தைக்கும் தொழிலிலிருந்து அரசியலுக்கு வந்தவர் அவர். அவரது பெயரை அவ்வீதிக்குச் சூட்டிவிட்டு, புடாபெஸ்ற் என்ற பெயரைத் தூக்கிச் சென்று மிருகக்காட்சிச்சாலைக்கு அருகிலுள்ள வேறொரு வீதிக்கு வைத்தனர். அது இன்றும் அங்கேயே இருக்கிறது. வீடு மாறும் குடும்பம் தன் தட்டுமுட்டுச் சாமான்களை எடுத்துச் செல்வதுபோலப் பெயரும் இடம்பெயர்ந்திருக்கிறது.

1933இல் நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் ஏபேர்ட்டின் பெயர்ப்பலகை கழற்றப்பட்டு ஹேர்மன் கோறிங்கின் பெயர் மாட்டப்பட்டது. கோறிங் அப்போது உயிருடன் இருந்தவர். தன் பெயரிட்ட வீதியில் தானே காரில் சென்றவர். வீதியின் கிழக்குப் புறத்தில் அமைச்சுகளின் பின்தோட்டங்கள் இருந்தன. பிரசார அமைச்சர் கொயபெல்சின் உத்தியோக மாளிகையும் அங்கேதான் இருந்தது. ஹிட்லர் இறுதி நாட்களைக் கழித்த நிலவறையும் அத்தோட்டங்களின் ஒன்றின் கீழேயே இருந்தது.

நண்பரின் வண்டி ஓடிய சுரங்கமும் இக்காலத்ததே. வடக்கையும் தெற்கையும் இணைக்கும் புகையிரதப் பாதை அவ்வீதியின் அடியில் தோண்டப்பட்டது. 1936இல் நடக்கவிருந்த ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கு முன்னர் முதற்பகுதியை முடித்துவிட வேண்டுமென்ற அவசரம் அரசுக்கு இருந்தது. 1935 ஓகஸ்ட் 20ஆம் நாள், பிராண்டன்பேர்க் வாயிலுக்கு அண்மையில் தோண்டப்பட்டிருந்த குழி சரிந்து விழுந்தது. 19 தொழிலாளர்கள் மண்ணுக்குள் புதையுண்டு மாண்டனர். இதை நாம் வாசித்துக் காட்டியபோது நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "அதுக்குள்ளாலைதான் நாங்கள் வந்தனாங்களோ?" என்று மட்டும் கேட்டார். ஆம், அதனுள்ளேயே வந்தார். 1939இல் முழுமை பெற்ற அச்சுரங்கம், 1945 மே மாதத் தொடக்கத்தில் கால்வாயின் கீழ் நிகழ்ந்த வெடிப்பினால் நீரில் மூழ்கியது. 1947இல் முழுப்பாதையும் மீண்டும் இயங்கியது. அதே ஆண்டில் மேலே உள்ள வீதியும் தன் பழைய மனிதரைத் திரும்பப் பெற்றது. இம்முறை சுருக்கமாக ஏபேர்ட் வீதி.

பெயர் திரும்பிய வீதிக்கு ஆயுள் நீளவில்லை. அது சோவியத் பகுதிக்கும் பிரித்தானியப் பகுதிக்கும் இடைப்பட்ட எல்லையில் கிடந்தது. 1961 ஓகஸ்ட் 13இல் எல்லை மூடப்பட்டது. முட்கம்பிக்குப் பின் சுவர் வந்தது. சுவருக்குப் பின்னே காவற் கோபுரங்களும் வெறும் மணற்பரப்பும் வந்தன. ஏபேர்ட் வீதி ஒரு வீதியாக இயங்குவது நின்றுபோயிற்று. கீழே ஓடிய பாதையில் உந்தர் டென் லின்டன், பொட்ஸ்டாம் சதுக்கம் ஆகிய இரு நிலையங்களின் வாயில்களும் மூடப்பட்டன. மேற்கு பேர்லின் மக்களுக்காக ஓடும் வண்டிகள் மட்டும் நில்லாமற் கடந்தன. மேலே முயல்கள் மேய்ந்தன, கீழே மனிதர் சென்றனர்.

ஏன் அந்த வழி நம்மவருக்குத் திறந்திருந்தது என்பதையும் சொல்லவேண்டும். கிழக்கு ஜேர்மனி தன் விமானநிலையத்தில் இறங்கியவர்களை இடைவழிப் பயணிகளாக எண்ணி அப்பால் செல்ல விட்டது. மேற்கு நாடுகளோ பேர்லினின் நடுவே செல்லும் கோட்டை ஒரு நாட்டெல்லையாக ஏற்றுக்கொள்ளவில்லை. எல்லை என்று ஏற்காத இடத்தில் கடவுச்சீட்டுச் சோதனை நடத்த முடியாது. எனவே நண்பர் படியேறி வெளியே வந்தபோது அவரை ஒருவரும் மறித்துக் கேட்கவில்லை. உலகத்திலேயே கடத்தற்கு அரியதென்று பேசப்பட்ட எல்லையை, ஊரில் ஒரு சோதனைச்சாவடியைக் கடக்கும் அச்சம்கூட இன்றிக் கடந்துவிட்டார். இந்த வழி நெடுநாள் நீடிக்கவில்லை. பொன் அரசு கொடுத்த அழுத்தத்தினால், 1985 யூலையில், மேற்கு நாட்டு நுழைவு அனுமதி இல்லாத இலங்கைத் தமிழரை இடைவழியாகச் செல்ல விடுவதில்லையென்று கிழக்கு ஜேர்மனி உடன்பட்டது. 1986 ஒக்ரோபரிலிருந்து ஏனைய நாட்டவர்க்கும் அவ்வாறே ஆயிற்று. சில மாதங்கள் பிந்தியிருந்தால் நண்பரின் வாழ்வு வேறெங்கோ கழிந்திருக்கும். ஏன், கழியாமலே போயுமிருக்கலாம்.

சுவரைத் தாண்டிய கதைகள் யாவும் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கியவையே என்று எண்ணியிருந்தோம். அதற்கும் ஒரு விதிவிலக்கை இவ்வீதியே தந்தது. ஏபேர்ட் வீதியோரத்தில் முக்கோண வடிவான ஒரு காணி சுவருக்கு மேற்கே, ஆனால் கிழக்கின் உரிமையில், கிடந்தது. அதை மேற்கிடம் ஒப்படைக்க இரு தரப்பும் இணங்கியிருந்த வேளையில் இளைஞர்கள் அதில் கூடாரம் அடித்துத் தங்கிவிட்டனர். கைமாற்றம் நடைமுறைக்கு வந்த 1988 யூலை 1 அதிகாலையில் மேற்கு பேர்லின் பொலிசார் உள்ளே நுழைந்தனர். ஏறத்தாழ 180 பேர் ஏணி வைத்துச் சுவரேறிக் கிழக்கே குதித்தனர். அங்கிருந்த எல்லைக் காவலர்கள் அவர்களுக்குக் காலையுணவு கொடுத்து, வேறு வாயில்களால் மேற்குக்கே திருப்பி அனுப்பினர். நண்பர் இதை நம்ப மறுத்தார். நாம் இரு தடவை வாசித்துக் காட்டவேண்டியிருந்தது.

இனி வீதியின் தென்பகுதி. நண்பரின் வண்டி நின்ற அன்ஹால்ரர் நிலையம் இருப்பது அங்கேதான். பொட்ஸ்டாம் சதுக்கத்திற்குத் தெற்கே கோனிக்கிறேற்ஸ் என்ற பெயர் 1930 வரை நிலைத்தது. அவ்வாண்டில் வெளிநாட்டமைச்சராயிருந்து மறைந்த, 1926இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற குஸ்ரவ் ஸ்ரேசமானின் பெயர் வந்தது. 1935இல் சார் பிரதேச மக்கள் ஜேர்மனியுடன் இணைய வாக்களித்ததைக் கொண்டாட அது சார்லாந்து வீதியாகியது. 1947இல் மீண்டும் ஸ்ரேசமான் வீதி. 1908இல் அங்கு திறக்கப்பட்ட நாடக அரங்கொன்று ஒவ்வொரு பெயர் மாற்றத்தின்போதும் தன் பெயரையும் மாற்றிக்கொண்டு, 'இன்ன வீதியின் அரங்கு' என்று விளம்பரம் செய்து வந்தது. போரிலும் அழியாமல் இன்றும் அங்கு நாடகங்கள் நடைபெறுகின்றன.

1880இல் எழுந்த அன்ஹால்ரர் நிலையம் அக்கால ஐரோப்பாவின் மாபெரும் புகையிரத நிலையங்களுள் ஒன்று. நண்பர் நிலக்கீழ் மேடையிலிருந்து ஏறி மேலே வந்தபோது கண்டது, வெட்டவெளியில் தனித்து நின்ற ஒரு செங்கல் முகப்பின் துண்டு மாத்திரமே. போரில் சிதைந்த நிலையம் 1952இல் மூடப்பட்டு, 1960 அளவில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அம்முகப்பின் கீழால்தான் 1933 பெப்ரவரி 21இல் எழுத்தாளர் ஹைன்றிஷ் மான் ஊரைவிட்டுப் போனார். றைக்ஸ்ராக் கட்டடம் எரிந்த மறுநாள், பெப்ரவரி 28இல், பேர்ரோல்ட் பிறெஷ்ற் பிராக் நகருக்குப் புறப்பட்டார். 1942 முதல் 1945 வரை அதே நிலையத்திலிருந்து 9,600க்கும் மேற்பட்ட யூதர்கள், பெரும்பாலும் முதியவர்கள், தெரேசியன்ஸ்ராட் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். சரக்கு வண்டிகளில் அல்ல. வழமையான பயணிகள் வண்டியின் பின்னால் பூட்டிய பெட்டிகளில், ஏனைய பயணிகள் பார்த்துக்கொண்டிருக்கவே. நாடு விட்டுச் சென்றோரின் வரலாற்றைக் கூறும் அருங்காட்சியகம் ஒன்றை அந்த இடத்திலேயே அமைக்கும் திட்டத்துக்கு 2020இல் டென்மார்க்கின் கட்டடக் கலைஞர் டோர்த்த மான்ட்றுப்பின் வரைவு தெரிவு செய்யப்பட்டது. தஞ்சம் கேட்டு அந்நகருக்கு வந்த நம்மவரின் ஒரு பழைய பயணப் பையும் அங்கே வைக்கப்படவேண்டும் என்பது நமது விருப்பம்.

சுவர் 1989 நவம்பரில் திறந்தது. ஏபேர்ட் வீதி புதிதாகப் போடப்பட்டு மீண்டும் வீதியாயிற்று. கொயபெல்சின் மாளிகை நின்ற பக்கமாக, கொலையுண்ட ஐரோப்பிய யூதர்களுக்கான நினைவிடம் 2005 மே மாதத்தில் திறக்கப்பட்டது. அங்கு 2711 கொங்கிறீற் கற்கள் நிற்கின்றன. அதனைச் சூழ்ந்த புதிய வீதிகளுக்கு அகதியாக வெளியேறிய ஹன்னா ஆரென்ட், கொலையுண்ட கவிஞர் கேர்ட்றூட் கொல்மார் முதலியோரின் பெயர்கள் இடப்பட்டுள்ளன. அமைச்சர்களின் பெயர்களைவிட இவை சில காலம் கூடுதலாக நிலைக்கட்டும்.

நாம் வரைபடங்களை மடித்துக்கொண்டிருக்கையில் நண்பர் தன் ஊர்க் கதையைத் தொடங்கினார். 1990இல் மயிலிட்டி மக்கள் இடம்பெயர்ந்தனர். ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டது. துறைமுகப் பகுதி 2017 யூலையில் விடுவிக்கப்பட்டபின் அவர் போய்வந்தாராம். வீட்டுக்குப் போகும் ஒழுங்கையைத் தேடினாராம். பற்றை மூடிக் கிடந்ததாம். அதற்கு அரசாங்கம் வைத்த பெயரென்று ஒன்று இருந்ததில்லை. ஊரார் தங்களுக்குள் ஒரு பெயரால் அழைத்தார்கள். அப்பெயரைச் சொல்லி வழி கேட்க அன்று அங்கே ஒருவரும் இல்லையாம். கிணற்றுக் கட்டை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்தாராம்.

மறுநாள் நண்பரும் நாமும் பிரீட்ரிஷ் வீதியில் தெற்கு வண்டி ஏறினோம். உந்தர் டென் லின்டன் நிலையத்துக்கு 2009 முதல் பிராண்டன்பேர்க் வாயில் என்று பெயர். வண்டி நின்றது, பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக ஏறினார்கள். பொட்ஸ்டாம் சதுக்கத்திலும் நின்றது. இரண்டுக்கும் இடையில் நண்பர் கண்ணாடியில் முகத்தை ஒட்டி இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்ஹால்ரர் நிலையத்தில் இறங்கினோம்.