பஸ்ஸில் போய்ப் பார்க்கும் துறைமுகம்

எபேசு ஒரு துறைமுக நகரம். ரோமப் பேரரசின் ஆசிய மாகாணத்துக்கு அதுதான் வாசல். ஆனால் இன்று கப்பலில் வருகிறவர்கள் அங்கே இறங்க முடியாது. துருக்கியின் ஏஜியன் கடற்கரையில் குஷாதாசி என்ற ஊரில் கப்பல் நிற்கும். அங்கிருந்து பஸ் ஏறி 20 கிலோமீட்டர் போனால்தான் எபேசு வரும். ஒரு துறைமுகத்தில் இறங்கி, இன்னொரு துறைமுகத்தைப் பார்க்கத் தரை வழியாகப் போகும் விசித்திரமான பயணம் இது. கடலுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொண்டு போனால், அந்த அரை நாள் சுற்றுலா இரண்டு மடங்கு சுவைக்கும்.

முதலில் கப்பலைப் பார்ப்போம். கப்பல் கரையில் நிற்கும் சில மணி நேரத்துக்குள் பயணிகளை இறக்கி, ஊரைக் காட்டி, திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாட்டைக் கரைச் சுற்றுலா என்று சொல்லலாம். ஒரு கப்பலில் 3,000 பேர் வந்து, அதில் பாதிப் பேர் எபேசுக்குப் புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பஸ்ஸுக்கு 40 பேர் என்றால் 38 பஸ் வேண்டும். ஒவ்வொன்றும் 12 மீட்டர் நீளம். ஒட்டி நிறுத்தினாலே அரைக் கிலோமீட்டரை நெருங்கிவிடும். அதனால் எல்லாரையும் ஒரே நேரத்தில் இறக்குவதில்லை. கப்பலின் அரங்கில் உட்காரவைத்து, சட்டையில் பஸ் எண்ணை ஒட்டி, சில நிமிட இடைவெளி விட்டு ஒவ்வொரு குழுவாக அனுப்புகிறார்கள். அந்த இடைவெளி பஸ்ஸோடு கூடவே பயணம் செய்கிறது. இரண்டாயிரம் ஆண்டுப் பழைய தெருவில் 1,500 பேர் ஒரே தூணைச் சுற்றி முண்டியடிக்காமல் இருப்பது அதனால்தான்.

இறங்கும்போது ஒவ்வொருவரும் தம் அறைச் சாவி அட்டையை ஒரு கருவியில் காட்ட வேண்டும். முகம் திரையில் தோன்றும், காவலர் ஒப்பிட்டுப் பார்த்து அனுப்புவார். கரையில் இருப்பவர் எத்தனை பேர், யார் யார் என்று கப்பலுக்கு எந்த நொடியிலும் தெரியும். திரும்பி ஏறவேண்டிய நேரத்தில் கப்பல்காரர்கள் கறாராக இருப்பார்கள். அதற்குக் காரணம் கண்டிப்பு மட்டுமல்ல, நீரின் குணமும்தான். தாமதமான நேரத்தைக் கடலில் ஈடுகட்ட வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டினால், இயந்திரத்துக்கு வேண்டிய சக்தி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போய்ச் சுற்றியவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

பஸ் கடற்கரையை ஒட்டி வடக்கே போய், பிறகு உள்நாட்டுப் பக்கம் திரும்பும். அங்கே வயலும் தோப்புமாக விரியும் சமவெளி முழுவதும் ஒரு காலத்தில் வளைகுடா. இன்றைய கடற்கரையிலிருந்து பழைய எபேசு ஐந்தாறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது.

இதைச் செய்தது ஒரு சிறிய ஆறு. இன்று கூச்சுக் மெண்டெரெஸ் என்று பெயர்; பழைய கிரேக்கர்கள் கைஸ்ட்ரோஸ் என்றார்கள். ஓடுகிற நீர் மண்ணைச் சுமக்கும், நின்றால் கீழே போட்டுவிடும். ஆறு கடலைத் தொட்டதும் வேகம் இழக்கிறது, மண் அடியில் தங்குகிறது. இதுதான் வண்டல் படிதல். மலைச்சரிவுகளில் காட்டை வெட்டி உழவும் மேய்க்கவும் தொடங்கியபின், மழை அரித்துக் கொண்டுவரும் மண் இன்னும் கூடியது. வளைகுடா ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது.

உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்றான ஆர்ட்டெமிஸ் கோயில் கட்டப்பட்ட காலத்தில் கடல் அதன் பக்கத்திலேயே இருந்தது. சதுப்பு நிலத்தில் அதைக் கட்டியது தெரிந்தே செய்தது என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. நிலநடுக்கத்தின் அதிர்ச்சியை ஈர நிலம் வாங்கிக்கொள்ளும் என்று நம்பினார்களாம். அடியில் கரியை இடித்துப் பரப்பி, அதன்மேல் ஆட்டு ரோமம் போட்டு, பிறகுதான் அஸ்திவாரம் எழுப்பினார்களாம். பின்னாளில் ஆற்று மண் அந்தக் கோயிலை எவ்வளவு ஆழத்தில் மூடியது தெரியுமா? இடமே மறந்துபோனது. ஆங்கிலேயரான ஜான் டர்ட்டில் வுட் 1863இல் தேடத் தொடங்கி, 1869இல்தான் கண்டுபிடித்தார். இப்போது அங்கே கிடைத்த துண்டுகளை அடுக்கி நிறுத்திய ஒற்றைத் தூண் நிற்கிறது. அதன் உச்சியில் நாரைகள் கூடு கட்டுகின்றன.

கி.மு. 300 வாக்கில் இந்தப் பகுதியை ஆண்ட லைசிமாக்கஸ், ஊரை இரண்டு மலைகளுக்கு நடுவே, கடல் இன்னும் ஆழமாக இருந்த இடத்துக்கு மாற்ற நினைத்தான். மக்கள் நகர மறுத்தார்கள். அவன் படையை அனுப்பவில்லை. பெருமழை வரும்வரை காத்திருந்து, ஊரின் வடிகால்களை அடைத்துவிட்டான் என்று எழுதுகிறார் புவியியல் அறிஞர் ஸ்ட்ராபோ. வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மக்கள் தாமாகவே புது ஊருக்குக் கிளம்பினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் நடப்பது அந்தப் புது ஊரில்.

புது ஊரையும் வண்டல் விடவில்லை. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பெர்கமோன் அரசன் அட்டலஸ் ஒரு யோசனை செய்தான். துறைமுகத்தின் வாயைத் தடுப்புச் சுவர் கட்டிக் குறுக்கினால், உள்ளே ஆழம் கூடும் என்று கணக்குப் போட்டான். நடந்தது நேர்மாறு. அதுவரை கடல்நீரின் ஏற்ற இறக்கம் உள்ளே வந்த சேற்றில் ஒரு பகுதியை வெளியே இழுத்துப் போய்க்கொண்டிருந்தது. வாய் குறுகியதும், குறுகிய வாய்க் குடத்தின் அடியில் தங்கும் கசடைப் போலச் சேறு உள்ளேயே தேங்கிவிட்டது. இந்தப் பிழையையும் ஸ்ட்ராபோதான் பதிவு செய்கிறார். கடலோரப் பொறியாளர்கள் இன்றும் ஒரு தடுப்புச் சுவர் கட்டுமுன் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: மண் எந்த வழியாக வரும், எந்த வழியாகப் போகும்?

அதன்பின் ரோமானியர்களுக்குத் தூர்வாருவதே வேலையாகப் போனது. நீரோ காலத்து ஆளுநர் பரேயா சொரானஸ் துறைமுகத்தைத் தூர்வாரினார். பேரரசர் ஹேட்ரியன் ஆற்றையே திசை திருப்பினார் என்று நன்றி சொல்லும் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. இன்னொரு கல்வெட்டு இதைவிட சுவாரசியமானது. மரமும் கல்லும் இறக்குமதி செய்யும் வணிகர்களுக்கு ஓர் ஆளுநர் 2ஆம் நூற்றாண்டில் போட்ட உத்தரவு அது. படகுத்துறையில் பாரத்தை அடுக்கக் கூடாது, அங்கே கல்லை அறுக்கக் கூடாது. ஏனென்றால் பாரம் துறையின் தூண்களைக் கெடுக்கிறது, கல் அறுக்கும் பொடி நீருக்குள் விழுந்து ஆழத்தைக் குறைக்கிறது. ஆற்றோடு சண்டை போட்ட ஊர், தன் குப்பையோடும் சண்டை போட வேண்டியிருந்தது.

இப்போது பஸ்ஸுக்குத் திரும்புவோம். அது நம்மை மேல்வாசலில் இறக்கிவிட்டு, காலியாகக் கீழ்வாசலுக்குப் போய்க் காத்திருக்கும். காரணம் எளிது. ஊர் சரிவில் இருக்கிறது, நிழல் குறைவு, பயணிகளில் வயதானவர்கள் அதிகம். ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் தூரத்தை இறக்கமாகவே நடத்திவிடுகிறார்கள். ஆனால் இந்த வசதியில் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. அந்தக் காலத்து மாலுமி துறைமுகத்தில் இறங்கி, அகன்ற வீதியில் நடந்து, நாடக அரங்கைக் கடந்து, படிப்படியாக மேலே ஏறினான். நாம் அவன் பார்த்த ஊரைக் கடைசியிலிருந்து முதலுக்குப் பார்க்கிறோம். அவன் கால்வைத்த முதல் இடம் நமக்குக் கடைசி இடம்.

துருக்கியில் வழிகாட்டியாக வேலை செய்ய அரசின் உரிமம் வேண்டும். நம்மோடு வரும் வழிகாட்டியின் கழுத்தில் ஒரு சிறு ஒலிபரப்பி, நம் காதில் ஒரு கருவி. ஒவ்வொரு குழுவுக்கும் தனி அலைவரிசை. பக்கத்துப் பக்கத்தில் பத்து வழிகாட்டிகள் பத்து மொழியில் பேசினாலும் யார் குரலும் யாரையும் தொந்தரவு செய்யாது. இருபது அடி பின்தங்கி ஒரு சிற்பத்தை வேடிக்கை பார்ப்பவருக்கும் வழிகாட்டி காதோடு பேசுவார்.

மேல்வாசலை அடுத்தே சுட்டமண் குழாய்கள் குவிந்து கிடக்கும். அவசரத்தில் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். ஒரு குழாயின் முனை அடுத்ததன் வாய்க்குள் செருகும்படி செய்யப்பட்டிருக்கும். எபேசுக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய்கள் குறைந்தது ஆறு. பளிங்கு பாவிய தெருவுக்கு அடியில் கழிவுநீர்ச் சாக்கடை ஓடியது.

அந்தத் தண்ணீர் குடிக்க மட்டும் பயன்படவில்லை. சரிவில் அடுக்கடுக்காகக் கட்டிய பணக்கார வீடுகள் இடிந்தபின், 6, 7ஆம் நூற்றாண்டுகளில் அதே இடத்தில் நீர்ச்சக்கரங்கள் சுழன்றன. அவற்றில் ஒன்று பளிங்கு அறுக்கும் ஆலையை ஓட்டியது. சக்கரம் சுற்றும், அதன் அச்சில் உள்ள வளைபிடி ஒரு தண்டை முன்னும் பின்னும் தள்ளும், தண்டு ரம்பத்தை இழுக்கும். காரின் இயந்திரத்தில் பிஸ்டனின் மேலும் கீழுமான ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் அமைப்பு இதேதான், திசை மட்டும் தலைகீழ்.

எல்லாரும் படம் எடுக்கும் செல்சஸ் நூலகம் இரண்டு தந்திரங்களைக் கண்முன்னே ஒளித்து வைத்திருக்கிறது. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்குவிலா என்பவர் தன் தந்தை செல்சஸின் நினைவாகக் கட்டியது அது. கிடைத்த மனை குறுகியது, இரண்டு பக்கமும் வேறு கட்டடங்கள். அதனால் முகப்பின் அடித்தளத்தை நடுவில் லேசாக உயர்த்தினார்கள். நடுத்தூண்களையும் அவற்றின் தலைப்பகுதிகளையும் ஓரத்தில் உள்ளவற்றைவிடப் பெரிதாகச் செதுக்கினார்கள். சிறியது தொலைவில் இருக்கிறது என்று கண் எடுத்துக்கொள்வதால், முகப்பு இருப்பதைவிட அகலமாகத் தெரிகிறது. இரண்டாவது தந்திரம் சுவரில். சுமார் 12,000 சுருள்கள் இருந்திருக்கலாம் என்று மதிப்பிடப்படும் அறையைச் சுற்றி இரட்டைச் சுவர், நடுவே இடைவெளி. வெளிச்சுவரின் ஈரம் உள்சுவரை எட்டாது. கீழே நிலவறையில் செல்சஸின் கல்சவப்பெட்டி இருக்கிறது. நிலநடுக்கத்தில் விழுந்த முகப்பை 1970களில் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் அதே கற்களைக் கொண்டு தூக்கி நிறுத்தினார்கள். விழுந்த துண்டுகளை அடையாளம் கண்டு அதனதன் இடத்தில் பொருத்தும் இந்தக் கலைக்கு மறுநிறுவல் என்று பெயர்.

நாடக அரங்கில் சுமார் 25,000 பேர் உட்காரலாம். நம் 3,000 பேர் கப்பல் எட்டு வந்தாலும் இடம் மிச்சம். கிறிஸ்தவப் போதகர் பவுலின் பிரசங்கத்தால் தொழில் படுத்துவிடும் என்று தெமேத்திரியு என்ற வெள்ளித் தட்டான் கலகம் கிளப்பி, கூட்டம் திரண்டது இங்கேதான். பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகளில் அந்தக் கதை வருகிறது. அவன் தொழில் என்ன? ஆர்ட்டெமிஸ் கோயிலை வெள்ளியில் சின்னதாகச் செய்து விற்பது. கீழ்வாசலில் காந்தம் ஒட்டிய நூலக முகப்பை விற்கும் கடைக்காரர்கள் அவனுடைய நேர் வாரிசுகள். சுற்றுலாவில் கம்பளக் கடைக்கு ஒதுக்கும் நேரத்தில் பத்து நிமிடத்தைத் திருடி, அனுமதி இருந்தால் அரங்கின் மேல்படிக்கு ஏறுங்கள். நேர் மேற்கே துறைமுக வீதி ஓடும்: 500 மீட்டருக்கு மேல் நீளம், 11 மீட்டர் அகலம், இரவில் விளக்கெரிந்த தெரு என்று கல்வெட்டே சொல்கிறது. அது முடியும் இடத்தில் நாணல் அடர்ந்த ஒரு பள்ளம் தெரியும். கப்பல்கள் நின்ற இடம் அதுதான்.

அந்தச் சேற்றில் ஆய்வாளர்கள் நீளமான குழாயை இறக்கி, அடுக்கு கலையாமல் மண்ணை உருவி எடுத்திருக்கிறார்கள். இதற்கு மண்துளை மாதிரி என்று பெயர். அடியில் இருப்பது பழையது, மேலே வருவது புதியது. உப்புநீரில் வாழும் நுண்ணுயிர்களின் ஓடுகள் எந்த அடுக்கோடு நிற்கின்றனவோ, அதுவரைதான் கடல் இருந்தது. மகரந்தத்தைப் பார்த்தால் மலையில் காடு எப்போது குறைந்தது, என்ன பயிரிட்டார்கள் என்பது தெரியும். ஈயத்தின் அளவு ஊர் எவ்வளவு மும்முரமாக இயங்கியது என்று காட்டும். துறைமுகத்தைக் கொன்ற சேறே அதன் நாட்குறிப்பையும் எழுதி வைத்திருக்கிறது.

அந்தச் சேறு இன்னொரு உபகாரமும் செய்திருக்கிறது. வடக்கே சிமிர்னா, இன்றைய இஸ்மிர், எபேசுக்குச் சமகாலப் போட்டியாளர். அதன் வளைகுடாவையும் ஓர் ஆறு மூடப் பார்த்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்த ஆற்றைத் திருப்பிவிட்டுத் துறைமுகத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். ஊர் இன்றும் பெருநகரமாக வாழ்கிறது. ஆகவே பழைய சிமிர்னா வீடுகளுக்கும் கடைகளுக்கும் அடியில் கிடக்கிறது. பழைய சந்தை போன்ற சில பகுதிகள்தான் கட்டடங்களுக்கு நடுவே வெளியே தெரிகின்றன. எபேசில் துறைமுகம் தூர்ந்ததும் வணிகம் போனது, வணிகத்தோடு மக்களும் போனார்கள். பக்கத்துக் குன்றில் குடியேறியவர்கள் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்களே தவிர, பழைய தெருக்களின் மேல் புது ஊர் கட்டவில்லை. அட்டலஸின் சுவர் பலித்து, ஹேட்ரியன் ஆற்றைத் திருப்பியது நிலைத்து, அந்தத் துறைமுகம் பிழைத்திருந்தால், பயணிகள் கப்பலிலிருந்து நேரே எபேசில் இறங்கியிருப்பார்கள். பார்ப்பதற்குத்தான் எபேசு இருந்திருக்காது.