பனிக்கட்டிக்குள் கடிகாரம் இருந்ததா?

கிரீன்லாந்தில் துளையிட்டு எடுக்கும் பனித்தண்டை 55 சென்டிமீட்டர் துண்டுகளாக அறுத்து, பையில் போட்டு, எண் எழுதி வைப்பார்கள். மேல்பகுதித் துண்டில் இரண்டு மூன்று ஆண்டுப் பனிதான் இருக்கும். இரண்டு கிலோமீட்டர் கீழே போய்விட்டால் ஓராண்டுப் படலம் ஓரிரு சென்டிமீட்டருக்கு நசுங்கிப் போயிருக்கும். பனி தருவது ஆழக் கணக்கு. ஆய்வாளருக்கு வேண்டியது காலக் கணக்கு. ஒன்றை மற்றொன்றாக மாற்றுகிற இடத்தில்தான் எனக்குச் சந்தேகமெல்லாம்.

2003-ல் 3,085 மீட்டர் ஆழத்தில் அடிப்பகுதியைத் தொட்ட நார்த்கிரிப் தண்டை எடுத்துக்கொள்வோம். தூசி, உப்பு, மின்கடத்தும் திறன் என்று பல அளவீடுகளை அருகருகே வைத்து, பருவங்கள் மாறி மாறி வருவதைப் படலம் படலமாக எண்ணினார்கள். தெளிவாகத் தெரிந்தால் ஓராண்டு. படலமா இல்லையா என்று மயங்கினால் அரை ஆண்டு என்று எழுதி, அரை ஆண்டு முன்பின் இருக்கலாம் என்றும் குறித்துக்கொள்வார்கள். நேர்மையான ஏற்பாடு. ஆனால் 60,000 ஆண்டுகளை எண்ணி முடிக்கும்போது இந்த அரைகள் சேர்ந்து சுமார் 2,600 ஆண்டுப் பிழையாகிவிடுகின்றன. பனியில் பதிந்த அடுத்தடுத்த இரண்டு நிகழ்வுகளுக்கு இடையே இவ்வளவு பிழை வராது, உண்மைதான்.

இப்போது 1,470 ஆண்டுச் சுழற்சிக்கு வருவோம். கடந்த பனியுகத்தில் கிரீன்லாந்து சில பத்தாண்டுகளுக்குள் பல டிகிரி சூடேறியது, சுமார் 25 முறை. 1993-ல் துளையிட்டு முடித்த ஜிஸ்ப்-2 தண்டில் இந்த எழுச்சிகள் 1,470 ஆண்டுக்கு ஒருமுறை வருவதாக அலைவரிசைப் பகுப்பாய்வு காட்டியது. கடிகாரம் மாதிரி என்றே எழுதினார்கள். கிளறிப் பார்த்தபோது, அந்த உச்சத்தைத் தாங்கி நின்றவை பெரும்பாலும் மூன்றே மூன்று நிகழ்வுகள். பிறகு படலம் எண்ணிய புதிய கால அட்டவணையில் அதே நிகழ்வுகளைச் சோதித்தார்கள். தற்செயலாக வந்த இடைவெளிகள் என்று சொன்னாலும் மறுக்க முடியவில்லை.

அதற்குள் சுழற்சி ஊரெல்லாம் சுற்றிவிட்டது. இன்றைய வெப்பமும் 1,500 ஆண்டுக்கு ஒருமுறை இயற்கையாக வருவதுதான் என்று வாதாடுவோர் கையில் அது ஆயுதமானது. பனியுகத்து எழுச்சியையும் இன்றைய வெப்பத்தையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று அவர்கள் நின்று கேட்கவில்லை.

சுழற்சியைக் கண்டுபிடிப்பது அவ்வளவு எளிதா என்றால், ஆமாம், பயமுறுத்தும் அளவுக்கு எளிது. 1927-ல் ஸ்லட்ஸ்கி என்ற சோவியத் பொருளியலாளர் அரசு லாட்டரியில் விழுந்த எண்களின் கடைசி இலக்கங்களை வரிசையாக எழுதி, பத்துப் பத்தாக நகர்த்திக் கூட்டினார். லாட்டரிக்கு ஏது சுழற்சி? ஆனாலும் அலை எழும்பியது. அது 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து வணிக ஏற்ற இறக்கத்தைப் போலவே தெரிந்தது. ஸ்லட்ஸ்கி விளைவு என்று புள்ளியியலில் இன்றும் சொல்வது இதைத்தான்.

இன்று அந்தக் கூட்டலை மென்பொருள் நொடியில் செய்கிறது. சீரற்ற இடைவெளியில் உள்ள மாதிரிகளைச் சமமாக்க, நடுவில் நேர்கோட்டில் எண்களை நிரப்புகிறது. அப்படி நிரப்பும்போதே வேகமான ஏற்ற இறக்கங்கள் மழுங்கி, மெதுவான அலைகள் தூக்கலாகிவிடுகின்றன. லாம்ப்-ஸ்கார்கில் முறை நிரப்பாமலே கணக்கிடும். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. நூறு அலைவரிசைகளைத் தேடிவிட்டு 95 சதவீத எல்லையைக் கோடாகப் போட்டால், ஐந்து உச்சம் சும்மாவே அதைத் தாண்டும். எத்தனை தேடினேன் என்று சொல்லாத வரைபடத்தை நான் நம்புவதில்லை.

எல்லாச் சுழற்சியும் மாயை அல்ல என்பார்கள். சரிதான்; பூமியின் அச்சுச் சாய்வு மாறுவதால் வரும் 41,000 ஆண்டுச் சுழற்சியை வானியல் தனியாகவே கணக்கிட்டுத் தந்திருக்கிறது. 1,470-க்கு அப்படி வெளியிலிருந்து ஒரு சாட்சி கிடையாது.

இப்போது கவனமான குழுக்கள் ஒரே தண்டுக்கு ஆயிரக்கணக்கான கால அட்டவணைகளை, பிழை எல்லைக்குள் சற்றே மாற்றி மாற்றி, கணினியில் உருவாக்குகின்றன. அவற்றில் எத்தனையில் அந்த உச்சம் தப்பிப் பிழைக்கிறது என்று பார்க்கிறார்கள். கட்டுரையில் அது பட்டையான சாம்பல் நிழலாக அச்சாகிறது. செய்திக்கு வரும்போது நிழலை அழித்துவிட்டு நடுக்கோட்டை மட்டும் போடுகிறார்கள்.