பழைய பிக்கப்பை வீட்டிலேயே எலெக்ட்ரிக் ஆக்கலாமா? மோட்டார் ஈஸி... பேட்டரிதான் மேட்டர்!

யூடியூப்ல அந்த வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. அமெரிக்காவில் யாரோ ஒருவர், வீட்டு கராஜில் நிற்கும் துருப்பிடித்த பிக்கப் டிரக்கின் எஞ்சினைக் கழற்றி ஓரமா வைப்பார். பத்தாவது நிமிஷம் அதே வண்டி சத்தமே இல்லாமல் தெருவில் ஓடும். 'அவ்ளோதானா?'ன்னு தோணும். எடிட்டிங்கில் காணாமல்போனது பல மாத வேலை!

ஃபோர்டு ரேஞ்சர், செவர்லே எஸ்-10 மாதிரியான சின்ன பிக்கப்கள்தான் அங்கே பலருடைய சாய்ஸ். தனி சேஸி இருப்பதால் எடை தாங்கும். லோடு ஏற்றும் பாடிக்கு அடியில் பேட்டரி வைக்க இடமும் உண்டு. இந்த இரண்டு மாடல்களிலும் 1990-களின் கடைசியில் கம்பெனிகளே எலெக்ட்ரிக் வண்டி தயாரித்திருக்கின்றன.

மெக்கானிக்கல் வேலை நாம நினைக்கிற அளவுக்குச் சிக்கல் இல்லை. எஞ்சின், ரேடியேட்டர், சைலன்சர், பெட்ரோல் டேங்க் எல்லாம் வெளியே. கியர்பாக்ஸ் அப்படியே இருக்கும். அதோடு மோட்டாரைப் பொருத்த, கச்சிதமாகக் கடைந்த ஓர் இணைப்புத் தகடு வேண்டும். துளி கோணல் இருந்தாலும் அதிர்ந்தே பேரிங் போய்விடும்.

ஃபோர்டு 2021-ல் 'எலுமினேட்டர்' என்ற மோட்டாரைத் தனியாகவே விற்க ஆரம்பித்தது. அப்போது விலை 3,900 டாலர். ஆனா, அந்த விலைக்கு பேட்டரி இல்லை, இன்வெர்ட்டர் இல்லை, கன்ட்ரோலரும் இல்லை. கல்யாண மண்டபம் புக் பண்ணியாச்சு, சாப்பாடு மட்டும் இன்னும் சொல்லலைங்கிற கதைதான்!

அந்தச் சாப்பாட்டுச் செலவைப் பார்ப்போம். முன்பெல்லாம் கோல்ஃப் வண்டிகளில் வரும் 6 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிகளை வரிசையாகக் கோப்பார்கள். ஒன்று சுமார் 28 கிலோ. 20 போட்டால் 560 கிலோ. சரக்கே ஏற்றாமல் வண்டி ஃபுல் லோடு! கணக்குக்கு 27 கிலோவாட் ஹவர் என்றாலும், வேகமாகக் கரண்ட் இழுத்தால் அதில் கணிசமான பகுதி கைக்கு வராது. இப்போது பலரும் தேடுவது, விபத்தில் சிக்கிய நிசான் லீஃப் கார்களின் லித்தியம் பேட்டரியை. முதல் தலைமுறை லீஃபில் 24 கிலோவாட் ஹவர், எடை சுமார் 300 கிலோ.

ஆபத்தும் அங்கேதான் இருக்கு. லீஃப் பேட்டரி சுமார் 360 வோல்ட், அதுவும் டிசி. வீட்டு ஏசி கரண்ட் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வரும். அதனால் தீப்பொறி தானாக அணைய வாய்ப்பு உண்டு. டிசிக்கு அந்த இடைவெளியே கிடையாது. ஸ்பேனர் தவறி இரண்டு முனைகளில் விழுந்தால், உலோகமே உருகும். ஃப்யூஸைப் பிடுங்கினாலும் பேட்டரிக்குள் கரண்ட் செத்துப்போகாது. ரப்பர் கிளவுஸ், இன்சுலேட்டட் டூல்ஸ், கூட ஓர் ஆள் இல்லாமல் இதில் கைவைப்பது தைரியம் இல்லை, தற்கொலை முயற்சி.

இன்னொண்ணு, எஞ்சின் போனால் பிரேக் பூஸ்டருக்கான வேக்குவமும் போயிடும். தனி பம்ப் வைக்கலைன்னா, எடை கூடிய வண்டியில் பிரேக் கல்லு மாதிரி இருக்கும்.

சரி, ஷெட்ல நிற்கிற அப்பாவோட பழைய டாடா ஏஸை மாத்தலாமா? மாத்தலாம், ஆனா வீட்ல இல்லை. இங்கே புனேயின் ஏஆர்ஏஐ போன்ற சோதனை அமைப்புகள் ஒப்புதல் தந்த கிட்டை, அங்கீகாரம் பெற்றவர்கள்தான் பொருத்த வேண்டும். பிறகு ஆர்டிஓவில் ஆர்சியையும் மாற்றணும். அனுமதி இல்லாமல் மாற்றினால், மோட்டார் வாகனச் சட்டப்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அதனால் கிட் விற்கிறவரிடம் ரேஞ்ச் எவ்வளவுன்னு கேட்பதற்கு முன்னாடி, ஒப்புதல் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்க. அது உங்க வண்டி மாடலுக்குப் பொருந்துமான்னும் பாருங்க.