ஐம்பதில் ஒரு சைக்கிள் சவாரி!

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று பழமொழியைச் சொல்லியே நம்மை நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறார்கள். ஆனால், வாசக அன்பர்களே, சைக்கிள் விஷயத்தில் இந்தப் பழமொழி நமக்குப் பொருந்தாது. நம்மில் பலர் பத்து வயதிலேயே வளைந்தவர்கள்தாம்! அப்பாவின் பெரிய சைக்கிளில் சீட்டுக்கு எட்டாமல், நடுக்கம்பிக்கு அடியில் காலை நுழைத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதித்து, தோட்டத்துச் செம்மண் ரோட்டில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு கற்றவர்கள். ஒரு முறை கற்ற சைக்கிள் சாகும்வரை மறக்காது.

அப்படியிருக்க, அந்தச் சைக்கிளை எப்போது விட்டோம்? கையில் நாலு காசு சேர்ந்ததும் தவணையில் மோட்டார் சைக்கிள் வந்தது. பிள்ளைகள் தலையெடுத்ததும் காரும் வந்தது. பழைய சைக்கிள் வீட்டுப் பின்புறத்தில் துருப்பிடித்தது. நாமும் கூடவே கொஞ்சம் துருப்பிடித்தோம். நாற்பதைத் தாண்டியதும் வயிறு முன்னே போகிறது, மூச்சு பின்னே வருகிறது. கிளினிக்கில் டாக்டர், "ஏதாவது உடற்பயிற்சி செய்கிறீர்களா?" என்று கேட்டால் தரையைப் பார்க்கிறோம்.

இந்த வயதில் மறுபடியும் சைக்கிள் ஏறுவதில் உள்ள சுகம் என்ன, சங்கடம் என்ன என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

வெட்கம் எதற்கு?

முதல் சங்கடம் முழங்காலில் இல்லை, மனத்தில் இருக்கிறது. "என்ன அண்ணே, மோட்டாரை விற்றுவிட்டீர்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுவிடுவாரோ என்ற வெட்கம்! சைக்கிள் என்றால் இல்லாதவன் வண்டி என்று நாமே முடிவு கட்டி வைத்திருக்கிறோம்.

அப்படி நினைப்பவர்கள் கிள்ளானில் நடந்த ஒரு வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில், தோட்டத் தொழிலாளி சைக்கிளில் போகும்போது எதிரே துரையோ கிராணியோ வந்தால், உடனே இறங்கி நிற்க வேண்டும். அதுதான் மரியாதையாம்! கூலிக்காரன் உட்கார்ந்தபடியே கடந்து போனால் அது திமிராம்!

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் மக்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும். நல்ல மருத்துவ வசதி வேண்டும். நம் பெண்களிடம் எவரும் முறைகேடாக நடக்கக் கூடாது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும். இந்தக் கோரிக்கைகளோடு சேர்த்து இன்னொன்றையும் வைத்தார்கள்: துரைமார் முன்னாலும் உத்தியோகஸ்தர் முன்னாலும் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச் செல்லும் உரிமை வேண்டும்!

கூலிக்கும் கல்விக்கும் பக்கத்தில் ஒரு சைக்கிள் கோரிக்கை. ஏன்? அது வண்டியைப் பற்றிய பேச்சு அல்ல, மானத்தைப் பற்றிய பேச்சு. அந்த ஆண்டு மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். போராட்டத்தை அடக்கப் படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர் இழந்தார்கள். சைக்கிள் சீட்டில் நிமிர்ந்து உட்காருவதற்கு நம் தாத்தாமார் கொடுத்த விலை கொஞ்சமல்ல. அந்தச் சீட்டில் உட்கார நமக்கு வெட்கமா?

என்ன சுகம் இருக்கிறது?

நடந்தால் அலுப்பாக இருக்கிறது என்பவர்கள் உண்டு. ஓடலாம் என்றால் கனத்த உடம்பின் பாரமெல்லாம் முழங்காலில் இறங்குகிறது. சைக்கிளில் அந்தத் தொல்லை குறைவு. உடம்பின் பாரத்தைச் சீட் தாங்கிக்கொள்கிறது. கால் சுற்றினால் போதும். இதயமும் நுரையீரலும் நன்றாக வேலை செய்கின்றன; தொடைச் சதை உறுதிப்படுகிறது.

வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. கணக்குப் பார்த்தால் வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம். லயத்திலிருந்து கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும் நேரம்தான்! ஹாலந்து நாட்டில் பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூடச் சைக்கிளில் போய்த்தான் காய்கறி வாங்குகிறார்கள். அங்கே அது பெரிய விஷயமே இல்லை.

உடம்பை விடுங்கள், மனத்துக்குக் கிடைக்கும் சுகம் இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டும். காலை ஏழரை மணிக்குச் செம்பனைக் காட்டு ரோட்டில் பனி இன்னும் விலகியிருக்காது. காரில் போனால் கண்ணாடி, மோட்டாரில் போனால் இரைச்சல். சைக்கிளில் போனால் பறவைச் சத்தம் கேட்கும், ஈர மண் வாசம் வரும், எதிரே வருகிறவரிடம் நின்று இரண்டு வார்த்தை பேசலாம். ஒரு சின்ன இறக்கத்தில் மிதிக்காமல் விட்டுப் பாருங்கள். காற்று சட்டைக்குள் புகுந்து உப்பும். ஐம்பது வயதுக்காரருக்குப் பன்னிரண்டு வயது ஆகிவிடும்!

சங்கடங்களும் பரிகாரமும்

சுகத்தை மட்டும் சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. முதல் வாரம் வலிக்கும். எங்கே வலித்தால் என்ன செய்வது என்று பார்ப்போம்.

உட்காரும் இடம்: எல்லாருக்கும் முதலில் வலிப்பது இதுதான். உடனே கடைக்குப் போய்ப் பஞ்சு மெத்தை போன்ற சீட் வாங்காதீர்கள். மிகவும் மெதுவான சீட்டில் உடம்பு அமிழ்ந்து, கண்ட இடத்தில் அழுத்தம் விழும். உட்காரும் எலும்பு இரண்டையும் தாங்குகிற அளவு அகலமான, ஓரளவு கெட்டியான சீட்டே நல்லது. சீட்டின் மூக்கு மேலே தூக்கி நிற்கக் கூடாது. மரத்துப் போனால் இறங்கிச் சற்று நடங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும்.

முழங்கால்: பெரும்பாலும் குற்றவாளி சீட்டின் உயரம்தான். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்புறம் வலிக்கும். அதிகம் உயர்ந்தால் பின்புறம் இழுக்கும். கியர் உள்ள சைக்கிளாயிருந்தால் கனமாக அழுத்தி மிதிக்காமல், இலேசான கியரில் வேகமாகச் சுற்றுங்கள்.

கையும் கழுத்தும்: ஹாண்டிலை இரும்புப் பிடியாகப் பிடிப்பவர்களுக்கு விரல் மரத்துப் போகும். பிடியைத் தளர்த்துங்கள், முழங்கையைச் சற்று மடக்குங்கள். நிமிர்ந்து உட்கார வைக்கும் உயரமான ஹாண்டில் நம் வயதுக்கு ஏற்றது. இந்த விஷயத்தில் அப்பாவின் பழைய சைக்கிளே நல்ல மாதிரி.

வெயில், மழை, நாய்: பத்து மணிக்கு மேல் நம் நாட்டு வெயில் மன்னிக்காது. அதற்குள் வீடு திரும்புங்கள். தண்ணீர்ப் போத்தல் எப்போதும் கூட இருக்க வேண்டும். மழையில் பிரேக் சட்டென்று பிடிக்காது, வேகத்தைக் குறையுங்கள். நாய் துரத்தினால் பந்தயம் வைக்காதீர்கள்! இறங்கி, சைக்கிளை நடுவில் நிறுத்திக்கொண்டு மெதுவாக நகர்ந்தால் பல நாய்கள் ஆர்வம் இழந்துவிடும்.

இன்னொரு சங்கடம் கடையில் காத்திருக்கிறது. ஒரு மணி நேரம் சுமாராக மிதித்தால் 300 முதல் 400 கலோரிதான் செலவாகும். ஒரு ரொட்டி சானாயில் ஏறக்குறைய 300 கலோரி இருக்கிறது. சவாரி முடிந்து பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒதுங்கி, இரண்டு ரொட்டியும் ஒரு தே தாரேக்கும் சாப்பிட்டால், மிதித்ததற்கு மேலேயே சேர்த்துக்கொண்டு வீடு திரும்புவீர்கள்!

இனிப்பு நீர் உள்ளவர்கள் கவனிக்க

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில், வயது வந்தோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிய வந்தது. இந்தியரிடையே அது மற்ற இனத்தாரைவிட அதிகம். கால் புண் ஆறாமல் விரலை இழந்தவர், பாதத்தை இழந்தவர் நம் சொந்தபந்தத்திலேயே உண்டு. ஆகவே இது விளையாட்டுப் பேச்சல்ல.

சைக்கிள் ஓட்டினால் இரத்தத்தில் சர்க்கரை குறையும். அதுவே நன்மை, கவனிக்காவிட்டால் அதுவே ஆபத்து. இன்சுலின் போடுபவர்களும் சில வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றில் மிதித்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி, கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும். சட்டைப் பையில் நாலு மிட்டாய் கட்டாயம் இருக்கட்டும். தொடங்குமுன் டாக்டரிடம் கேளுங்கள். செருப்போடு வேண்டாம், மூடிய சப்பாத்து போடுங்கள். வீடு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். நெஞ்சில் அழுத்தமோ இடது கை வலியோ கண்டால் "கொஞ்ச தூரம்தானே" என்று மிதிக்காமல் அங்கேயே நின்று உதவி கேளுங்கள்.

எங்கே ஓட்டலாம்?

தோட்டத்தில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். உள்ரோடே போதும்; பழம் ஏற்றும் லாரிக்கு மட்டும் வழி விடுங்கள். பட்டணத்துக்காரர்கள் தெலுக் பங்லிமா காராங் தாண்டிக் கேரித் தீவுக்கு வந்து, செம்பனைகளுக்கு நடுவே ஓட்டிப் போகிறார்கள். நம் வாசல் ரோட்டைத் தேடி அவர்கள் காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வருகிறார்கள் என்றால் பாருங்கள்!

கோலாலம்பூரில் ஞாயிறு காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிவரை மையச் சாலைகளில் வாகனங்களை நிறுத்திவிட்டு, மக்கள் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விடும் வழக்கம் 2014ஆம் ஆண்டு தொடங்கியது. போகுமுன் அந்த வாரம் உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். டத்தாரான் மெர்டேக்காவிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் வழியாக மிட் வேலி வரை, சுமார் ஐந்தரை கிலோமீட்டருக்கு, 2015இல் சைக்கிள் தடம் திறந்தார்கள். அதில் இருட்டில் தனியாகப் போக வேண்டாம்.

கிள்ளான்காரர்களுக்குக் கோத்தா பாலம் நினைவிருக்கும். 1960ஐ ஒட்டிக் கட்டிய இரட்டைத் தட்டுப் பாலம் அது. மேலே வாகனம், கீழே நடப்பவரும் சைக்கிள்காரரும்! அந்தக் காலத்திலேயே சைக்கிளுக்கென்று ஆற்றின் மேல் இடம் ஒதுக்கியிருந்தார்கள். பின்னர் வந்த நெடுஞ்சாலைகளில் அந்த எண்ணம் குறைந்துபோனது. ஆகவே டோல் சாலைப் பக்கமே போகாதீர்கள். லாரி ஓடும் துறைமுகச் சாலைகளையும் தவிருங்கள். தலைக்கவசம், பின்னால் சிவப்பு விளக்கு, வெளிறிய நிறச் சட்டை ஆகிய மூன்றும் இல்லாமல் வாசலைத் தாண்ட வேண்டாம்.

தாய்மார்களே, உங்களுக்கும்தான்

இதெல்லாம் ஆண்களுக்கு என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பள்ளிக்கூடத்துக்குப் பல மைல் சைக்கிள் மிதித்த பெண்கள் உங்களில் எத்தனை பேர்! கல்யாணத்தோடு அதை இறக்கி வைத்தீர்கள். நடுக்கம்பி தாழ்ந்த பெண்கள் சைக்கிள், முன்னால் ஒரு கூடை, காலைச் சுற்றாத கால்சட்டை, இவை போதும். நாலு பேர் சேர்ந்து கிளம்பினால் பேச்சுத் துணையும் ஆயிற்று, பாதுகாப்பும் ஆயிற்று. துப்பட்டா மட்டும் செயினில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுச் சைக்கிளுக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி கொட்ட வேண்டியதில்லை. பின்புறத்தில் கிடப்பதை வெளியே எடுங்கள். டயரையும் டியூபையும் பாருங்கள். பிரேக் கட்டையை மாற்றுங்கள். செயினுக்கு எண்ணெய் விடுங்கள். முதல் நாள் பத்து நிமிடம் போதும். வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்கள்.

யாராவது பார்த்துச் சிரித்தால் மணியை ஒரு முறை அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். யாருக்காகவும் இறங்க வேண்டியதில்லை!