மொறிஸ் வில்க்சும் கணனிக் கட்டமைப்பும்

கணனி எவ்வுறுப்புக்களால் ஆவது, அவை ஒன்றையொன்று எங்ஙனம் ஏவுகின்றன என ஆராய்வதே கணனிக் கட்டமைப்பு என்னுந் துறையாகும். அதற்கு அடிகோலியோருள் ஒருவர் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் மொறிஸ் வில்க்ஸ். 1913 இற் பிறந்த அவர் 1945 இல் அங்குள்ள கணித ஆய்வுகூடத்தின் தலைவரானார்.

1946 இல் அமெரிக்காவிலே பிலடெல்பியா நகரில் நடைபெற்ற கணனி விரிவுரைகளுக்கு அவர் பிந்தியே போய்ச் சேர்ந்தார். இறுதி இரு வாரங்களே கேட்கக் கிடைத்தன. ஆயினும் திரும்புங் கப்பலிலேயே தம் பொறிக்குத் திட்டம் வரையத் தொடங்கிவிட்டார். 'எட்சாக்' எனப் பெயர் பெற்ற அப்பொறி 1949 மே 6 ஆம் நாள் இயங்கி, வர்க்க எண்களின் அட்டவணையொன்றை அச்சிட்டது. ஏறத்தாழ 3000 வால்வுகள் அதில் இருந்தன. பாதரசக் குழாய்களில் ஒலியலைகளாய் ஓடிய துடிப்புக்களே அதன் நினைவகம். மிக விரைவான பொறியைச் செய்வது அவர் நோக்கமன்று. ஏனைய துறையினர் நாடோறும் நம்பிப் பயன்படுத்தத்தக்க பொறி வேண்டுமென்பதே நோக்கம். அது வீண்போகவில்லை. புரதமொன்றின் அமைப்பைக் கண்டு 1962 இல் நோபெல் பரிசு பெற்ற கென்றூ தம் கணிப்புக்களுக்கு எட்சாக்கைத் துணைக்கொண்டார்.

ஆனால் வில்க்சுக்கு ஒரு மனக்குறை இருந்தது. நினைவகம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்க, பொறியை நடத்துங் கட்டுப்பாட்டுப் பகுதியோ சிக்குண்ட நூல்போல் இருந்தது. கட்டளையொன்றைப் புதிதாகச் சேர்ப்பின் பல இடங்களிற் கம்பிகளை மாற்றவேண்டும். 1951 இல் அவர் கண்ட வழி இது: ஒவ்வொரு கட்டளையையும் மிகச் சிறிய ஏவல்களாகப் பிரித்து, அவ்வேவல்களைத் தனியொரு நினைவகத்தில் நிரலாக எழுதிவைத்தல். பகுபதத்தைப் பகுதி, இடைநிலை, விகுதி எனப் பிரித்துக் காட்டும் எம் இலக்கண ஆசிரியருக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. இதுவே நுண்நிரலாக்கம். 1958 இற் செயற்படத் தொடங்கிய இரண்டாம் எட்சாக்கில் அவரே இதனை மெய்ப்பித்துக் காட்டினார். கருத்துக்கும் பொறிக்குமிடையே ஏழாண்டுகள்! 1964 இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த 360 வரிசைக் கணனிகளுட் பெரும்பாலானவை இம்முறையிலேயே அமைந்தன.

1965 இல் இன்னொரு சிறு கட்டுரை வெளியிட்டார். பெரிய நினைவகம் மெதுவானது; விரைவான நினைவகம் விலை மிக்கது. எனவே அடிக்கடி வேண்டப்படுவனவற்றின் படிகளை மட்டும் விரைவான சிறு நினைவகமொன்றில் வைத்துக்கொண்டால் என்ன என்று அவர் கேட்டார். மேசையிற் சில நூல்களையும் நூலகத்திற் பலவற்றையும் வைத்திருப்பது போன்றதே இது. 1967 ஆம் ஆண்டுக்குரிய தூரிங் விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2010 இல் அவர் மறைந்தார். அவர் விவரித்த அச்சிறு நினைவகம் இன்று மாணவர் கையிலுள்ள தொலைபேசியினுள்ளும் இருக்கின்றது.