பதினாலாயிரம் கிலோமீட்டரில் மொட்டையான டயர்

2022 ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பாலிகஞ்சில் ஒரு சஷ்டியப்தபூர்த்தி. இருநூறு பேருக்குச் சாப்பாடு. சேத்லாவில் உள்ள எங்கள் சமையல்கூடத்திலிருந்து அண்டாக்களைப் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். அக்கா மகன் ஓட்டினான், நான் பக்கத்தில். இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. ராஷ்பிகாரி சந்திப்பில் முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது. பையனும் பிரேக்கை அழுத்தினான். முன்சக்கரங்கள் இரண்டும் டிராம் தண்டவாளத்தின்மேல் இருந்தன. வண்டி நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய், ஆட்டோவுக்கும் எங்களுக்கும் ஒரு முழம் இடைவெளி இருக்கும்போது நின்றது. யாருக்கும் அடியில்லை. சாம்பார் பாதி வண்டிக்கே அபிஷேகம் ஆயிற்று.

சாயங்காலம் இறங்கிப் பார்த்தால், முன்டயர் இரண்டிலும் வெளிப்பக்க ஓரம் மொட்டை! தை மாதம்தான் புதிதாகப் போட்டிருந்தோம். ஜோடி ரூ. 13,000. கல்யாண சீசனில் கரக்பூர், ஜாம்ஷெட்பூர் வரை போய்வருகிற வண்டிதான் என்றாலும், மீட்டரைப் பார்த்தால் 14,000 கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை. இதற்கு முந்தைய ஜோடி 38,000 ஓடியது.

டயர் போட்ட கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "சுமை ஏற்றினால் தேயத்தானே செய்யும், தாதா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். சங்கத்துப் பெரியவர் ஒருவர், "அந்தக் காலத்து டன்லப் மாதிரி இனி டயர் எங்கே வரப்போகிறது!" என்று ஆறுதல் சொன்னார். கொல்கத்தாவில் பல காலம் இருந்தவர்களுக்கு டயர் என்றால் டன்லப்தான். ஹூக்ளி நதிக்கரையில் சாஹாகஞ்சில் 1936ல் உற்பத்தி தொடங்கிய அந்தத் தொழிற்சாலைதான் இந்தியாவின் முதல் டயர் தொழிற்சாலை. அது மூடிக் கிடப்பதை நினைத்தால் எனக்கும் வருத்தம்தான். ஆனால் என் டயர் தேய்ந்ததற்கும் டன்லப் போனதற்கும் சம்பந்தமில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அதைச் சொன்னவர் இந்த ஊர்க்காரர் அல்ல.

கோயம்புத்தூரிலிருந்து நாங்கள் வரவழைத்த பெரிய கிரைண்டர் ஹௌரா பக்கம் தூலாகட் லாரி நிலையத்தில் வந்து இறங்கியது. கொண்டுவந்தது சங்ககிரி லாரி. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு லாரிகளை இங்கே பார்க்கும்போது சொந்தக்காரரைப் பார்த்த சந்தோஷம் வருமே, அது நம் எல்லோருக்கும் உள்ளதுதான். டிரைவர் ஐம்பது வயதிருக்கும். கிரைண்டரை எங்கள் வண்டிக்கு மாற்றிவிட்டு, பழக்க தோஷத்தில் எங்கள் டயரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"ஏனுங்ண்ணா, இதை எப்ப மாத்துனீங்க?"

சொன்னேன்.

"இது டயர் குத்தமில்லீங்க. ஒருக்கா கையை வச்சுப் பாருங்க."

உள்ளங்கையை டயரின் பட்டன்மேல் வைத்து, வெளியிலிருந்து உள்ளே தடவச் சொன்னார். வழவழவென்று இருந்தது. உள்ளேயிருந்து வெளியே இழுக்கச் சொன்னார். அரத்தில் தேய்த்த மாதிரி சுரீரென்றது. "சக்கரம் ரெண்டும் மூஞ்சிய உள்ள திருப்பிக்கிட்டுப் போகுதுங்க" என்றார்.

ஒருவர் கால்விரல்களை உள்பக்கம் திருப்பிக்கொண்டு நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். செருப்பின் வெளியோரம்தானே முதலில் தேயும்? மெக்கானிக்குகள் டோ-இன் என்று சொல்வது இதைத்தான். கொஞ்சம் இருக்கலாம், கம்பெனியே அளவு கொடுத்திருக்கும்; மீறினால் ஆபத்து. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் சக்கரத்தின் விட்டம் சுமார் 700 மில்லிமீட்டர். அதன் முன்விளிம்பும் பின்விளிம்பும் நேர்கோட்டிலிருந்து வெறும் 3 மில்லிமீட்டர் விலகியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் 4 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபடுகிறது. ஜாம்ஷெட்பூர் போய்வருவதற்குள் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ரப்பரைத் தார்ச்சாலையில் குறுக்கே தேய்த்திருக்கிறோம்!

சக்கரம் ஏன் திரும்பியது? அதற்கும் டிரைவரே வழி சொன்னார். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? அப்படியென்றால் டை ராட் முனை தேய்ந்திருக்கும். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பால் ஜாயின்ட்டையோ பேரிங்கையோ பார்க்க வேண்டும். எங்களுக்கு முதலாவது. மழைக்காலத்தில் தண்ணீருக்கடியில் மறைந்திருந்த எத்தனை பள்ளங்களில் இடித்தோமோ, யார் கண்டது! கடைக்காரர் புது டயரை மாட்டினாரே தவிர, அலைன்மென்ட் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. டை ராட் முனையை மாற்றி அலைன்மென்ட் செய்ததற்கு ஒரு டயரின் விலையில் பாதிகூட ஆகவில்லை.

இதைப் படித்துவிட்டு எல்லாத் தேய்மானத்துக்கும் அலைன்மென்ட்தான் காரணம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். டயரின் இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மட்டும் நன்றாயிருந்தால் காற்றுக் குறைவு, அல்லது சுமை அதிகம். நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். அங்கங்கே கிண்ணம் கிண்ணமாகக் குழி விழுந்தால் ஷாக் அப்சார்பர் போயிருக்கும், இல்லையேல் சக்கரம் பாலன்ஸ் இல்லாமல் சுழல்கிறது.

காற்று விஷயத்தில் பிக்கப்புக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. காரில் எப்போதும் ஏறக்குறைய ஒரே எடை. பிக்கப்போ போகும்போது பிள்ளைத்தாய்ச்சி, திரும்பும்போது பட்டினிக்காரி. பின்டயருக்குச் சுமை ஏற்றினால் ஒரு காற்று, காலி வண்டிக்கு ஒரு காற்று என்று வண்டியோடு வரும் புத்தகத்திலோ கதவோரத்து ஸ்டிக்கரிலோ இரண்டு அளவு போட்டிருக்கும். நாங்கள் நிறைய அடித்துவிட்டு அப்படியே காலி வண்டியையும் ஓட்டிக்கொண்டிருந்தோம். பின்டயரின் நடுப்பாகம் அதற்கு சாட்சி. காற்றைக் கண்ணால் பார்த்து, காலால் உதைத்துப் பார்த்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள். ரேடியல் டயர் சரியான காற்றிலும் அடியில் கொஞ்சம் பிதுங்கித்தான் தெரியும். டயர் சூடேறுமுன், காலையில், கேஜ் வைத்துப் பார்ப்பதே சரி.

டயரின் பக்கத்தில் உள்ள எழுத்துக்களையும் இதுவரை நான் படித்ததே இல்லை. ஓவல் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருந்தால் அது தயாரித்த தேதி: 2321 என்றால் 2021ஆம் வருஷத்தின் 23வது வாரம். அளவைக் குறிக்கும் எண்களுக்குப் பின்னால் 100 என்று இருந்தால் அந்த ஒரு டயர் தாங்கக்கூடியது 800 கிலோ. டி.டபிள்யூ.ஐ. என்றோ சிறு முக்கோணமாகவோ குறி இருக்கும் இடத்தில், பள்ளத்துக்குள் ஒரு மேடு தெரியும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் தீர்ந்தது. பட்டனுக்கு நடுவில் இருக்கும் பள்ளங்கள் அழகுக்காக இல்லை. மழைத் தண்ணீர் வெளியேற வழி அதுதான். ராஷ்பிகாரியில் ஈர இரும்பின்மேல் மொட்டை டயர் என்ன செய்யும் என்பதை நாங்கள் பார்த்துவிட்டோம்.

கடைசியில், கடைக்காரர் சொன்ன சுமை விஷயம். முன்டயருக்கு அது காரணமில்லை என்றாலும் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் முழுச் சாமானோடு எடை மேடையில் ஏற்றிவிட்டேன். ஆர்.சி.யில் அனுமதித்த மொத்த எடையைவிட 380 கிலோ அதிகம்! அண்டா, அடுப்பு, சிலிண்டர், தண்ணீர் கேன், மேலே உட்கார்ந்து வரும் ஆட்கள் வேறு. டாடா ஏஸ் 2005ல் வந்ததிலிருந்து நம் ஊரில் அதைக் குட்டி யானை என்கிறார்கள், இங்கே சோட்டா ஹாத்தி. பெயரில் யானை இருப்பதாலோ என்னவோ, சின்ன வண்டி எதுவானாலும் யானைச் சுமை ஏற்றிவிடுகிறோம்.

இப்போது ஆட்கள் மெட்ரோவிலோ பஸ்ஸிலோ வந்துவிடுகிறார்கள். தண்ணீரை விசேஷம் நடக்கும் இடத்திலேயே ஏற்பாடு செய்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிறு அக்கா மகன் கேஜோடு வண்டியைச் சுற்றிவந்து, நாலு டயரையும் கையால் தடவிப் பார்த்து, ஒரு நோட்டில் எழுதி வைக்கிறான். புது முன்டயர்கள் 31,000 கிலோமீட்டர் ஓடியபோது அவன் எழுதியிருந்த குறிப்பு: "ரெண்டு பக்கமும் வழவழ."

அந்தக் கிரைண்டரை மட்டும் ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஏற்றித்தான் ஆகவேண்டும் என்கிறாள் என் மனைவி. மாவை வீட்டிலேயே அரைத்துக்கொண்டு போகலாமே என்றால், ஆனி மாத வெயிலில் போய்ச் சேருவதற்குள் புளித்துவிடுமாம். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.